கருவிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்?

சாலை விரிவாக்கம் நடக்கும் இடத்திலோ பாலம் கட்டும் இடத்திலோ முக்காலியின் மேல் ஒரு கருவி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் சின்னத் தொலைநோக்கி, அதன் கீழே ஒரு திரை, சில பொத்தான்கள். களத்தில் அதற்கு டோட்டல் ஸ்டேஷன் என்று பெயர். நூறு, இருநூறு மீட்டர் தள்ளி ஒருவர் கம்பு பிடித்துக்கொண்டு நிற்பார். கம்பின் உச்சியில் ஒரு கண்ணாடிப் ப்ரிஸம். கருவி அதை நோக்கி லேசர் கற்றையை அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. தான் கிடையாக எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது, தொலைநோக்கி எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு தூரமும் இரண்டு கோணங்களும் கையில் வந்துவிட்டால் அந்தப் ப்ரிஸம் வெளியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதே கருவியை மனிதர் யாரும் தொடாமலும் வேலை வாங்கலாம். அணைக்கு எதிரே ஒரு தூணிலோ, சுரங்கம் தோண்டும் இடத்துக்கு மேலே ஒரு கட்டடச் சுவரிலோ கருவியைப் பொருத்திவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் பல இடங்களில் ப்ரிஸங்கள். நள்ளிரவிலும் கருவி தானாகத் திரும்பி ஒவ்வொரு ப்ரிஸத்தையும் அளந்து, சுவர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சொல்லிவிடும். இங்கே பொத்தானை அழுத்துவது ஒரு கணினி. ஒரு கேபிள் வழியாகவோ ரேடியோ வழியாகவோ அது கருவிக்குக் கட்டளைகளை அனுப்புகிறது. அந்தக் கட்டளைகளை எந்த மட்டத்தில் எழுதுவது என்பதுதான் இந்தத் தொழிலில் நிரல் எழுதுபவர்களுக்குள் ஓயாத விவாதம்.

பழைய அளவைக் குழுக்களில் செயின்மேன் என்று ஓர் உதவியாளர் இருப்பார். புதிதாக வந்தவரிடம், ‘தம்பி, ரெண்டு அடி இடது பக்கம் போ, கம்பை நிமிர்த்து, குமிழி நடுவுல வந்திருச்சா பாரு’ என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இருபது வருடம் பழகியவரிடம், ‘அண்ணே, அந்த மூலையை எடுத்துக்குங்க’ என்றால் போதும். முதலாவது கீழ்மட்டக் கட்டளை, இரண்டாவது மேல்மட்டக் கட்டளை. இரண்டாவது சுருக்கமாக இருப்பதற்குக் காரணம் வேலை குறைந்துவிட்டது என்பதல்ல. எந்த மூலை, எங்கே கால் வைப்பது, எப்போது தலையசைப்பது என்ற முடிவுகள் அண்ணனிடம் போய்விட்டன. ஒரு கட்டளையின் மட்டத்தை அளக்க வேண்டுமென்றால் அது எத்தனை முடிவுகளை நமக்குப் பதிலாக எடுக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஓர் அளவீட்டுக்குள் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம். தூரத்திலிருந்து தொடங்குவோம். ஒளி நொடிக்கு 29,97,92,458 மீட்டர் போகிறது. ப்ரிஸம் 1 மில்லிமீட்டர் தள்ளிப் போனால், ஒளி போய்வரும் நேரத்தில் 6.7 பைக்கோ விநாடி கூடும். அதாவது ஒரு விநாடியின் லட்சம் கோடிப் பங்கில் ஏழு பங்குகூட இல்லை. இதைக் கடிகாரம் வைத்து நேரடியாகப் பிடிப்பது கடினம் என்பதால் பல கருவிகள் வேறு வழியில் போகின்றன. லேசரின் பிரகாசத்தை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஏற்றி இறக்கி அனுப்புகின்றன. 100 மெகாஹெர்ட்ஸில் ஏற்றி இறக்கினால் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். திரும்பி வரும் அலை, புறப்படும் அலையைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்தால் கடைசி அலையில் மிச்சம் எவ்வளவு என்பது மிக நுணுக்கமாகத் தெரியும். நடுவில் முழு அலைகள் எத்தனை என்பதை வேறு அதிர்வெண்களில் அளந்து தீர்மானிக்கின்றன. ஒரே தடவை அளந்தால் போதுமா, பல தடவை அளந்து சராசரி எடுப்பதா? அது ஒரு முடிவு.

அடுத்தது கோணம். முக்காலி என்னதான் சமமாக நின்றாலும் வெயிலிலும் காற்றிலும் லேசாகச் சாயும். கருவிக்குள் ஒரு துளி எண்ணெய் எப்போதும் சமமட்டத்தில் நிற்கிறது; அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துக் கருவி தன் சாய்வை அறிந்துகொண்டு கோணத்தைத் திருத்துகிறது. ஒவ்வொரு தடவையும் சாய்வை அளந்தால் நேரம் பிடிக்கும். சற்றுமுன் அளந்த சாய்வையே பயன்படுத்தினால் வேகம் கிடைக்கும், ஆனால் இடையில் லாரி ஒன்று அதிரவைத்துப் போயிருந்தால்? இது இன்னொரு முடிவு. 1 விகலை என்பது ஒரு டிகிரியின் 3,600-இல் ஒரு பங்கு. கோணத்தில் அவ்வளவு பிசகினால் 100 மீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் பிசகும்.

இன்னும் இருக்கிறது. ப்ரிஸத்தின் நடுவை யார் குறிபார்ப்பது, கண்ணா, கேமராவா? காற்றின் வெப்பநிலை என்ன? எதிரே இருப்பது எந்த வகை ப்ரிஸம்? இவற்றுக்கு ஒவ்வொன்றாக வருவோம்.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஓர் உண்மையான மொழியை எடுத்துக்கொள்கிறேன். கிழக்கு சுவிட்சர்லாந்தில் ஹீர்ப்ருக் என்று ஓர் ஊர். ஹைன்ரிக் வில்ட் 1921-இல் அங்கே தொடங்கிய பட்டறைதான் இன்று லைக்கா என்ற பெயரில் அளவைக் கருவிகள் செய்கிறது. அவர்களின் டோட்டல் ஸ்டேஷன்களோடு கணினி பேசும் மொழிக்கு ஜியோகாம் என்று பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியில் உள்ள செயலை ஓடவைக்க உருவாக்கிய முறையை அடித்தளமாக வைத்து அமைந்தது அது. பார்க்க மிக எளிய மொழி. ஒரு வரி கேள்வி, ஒரு வரி பதில், எல்லாமே சாதாரண எழுத்துகள்.

கேள்வி இப்படி இருக்கும்: %ஆர்1க்யூ,2008:1,1. முதல் நான்கு குறிகள் ‘இது கேள்வி’ என்பதற்கான அடையாளம். 2008 என்பது எந்தச் செயல் என்பதற்கான எண். இங்கே ‘தூரம் அளக்கத் தொடங்கு’ என்று பொருள். இரட்டைப்புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் 1, ‘இப்போது எந்த முறையில் வைத்திருக்கிறாயோ அந்த முறையிலேயே அள’ என்கிறது. இரண்டாவது 1, ‘சாய்வை அளப்பதா வேண்டாமா என்பதை நீயே பார்த்துக்கொள்’ என்கிறது. உடனே பதில் வரும்: %ஆர்1பி,0,0:0. இந்தப் பதிலில் தூரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொடங்கச் சொன்னோம், தொடங்கிவிட்டது. அவ்வளவுதான். தூரம் வேண்டுமென்றால் 2108 என்ற அடுத்த கேள்வியைப் போட வேண்டும்: %ஆர்1க்யூ,2108:5000,1. ‘5,000 மில்லி விநாடி வரை காத்திருக்கிறேன், கோணங்களையும் தூரத்தையும் கொடு.’ கோணம் ரேடியனில் வரும், தூரம் மீட்டரில் வரும். இவை கீழ்மட்டக் கட்டளைகள்.

மேல்மட்டத்தில் 17017 என்று ஒன்று இருக்கிறது. அதன் பொருள், ‘கோணங்களையும் தூரத்தையும் அளந்து கொடு’. தொடங்குவது, காத்திருப்பது, முடிந்ததா என்று பார்ப்பது, சாய்வைக் கவனிப்பது எல்லாம் உள்ளேயே நடந்து, ஒரே பதிலில் இரண்டு கோணங்களும் தூரமும் வந்துவிடும். அவசரத்தில் இருக்கும் எந்த நிரலாளரும் இதைத்தான் எடுப்பார். அதில் தவறில்லை.

ஆனால் மட்டம் என்பது எப்போதும் தனித்தனிக் கட்டளையாக வந்து நிற்பதில்லை. 9027 என்பது ‘இந்தக் கோணத்துக்குத் திரும்பு’ என்னும் கட்டளை. அதற்கு ஐந்து எண்கள் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு, கிடைக்கோணமும் நிலைக்கோணமும். நான்காவது எண்ணை 0 என்று கொடுத்தால் கருவி சொன்ன கோணத்தில் போய் நிற்கும். அதே இடத்தில் 1 என்று கொடுத்தால், அந்தக் கோணத்துக்குப் பக்கத்தில் ப்ரிஸம் எங்கே இருக்கிறது என்று தன் கேமராவால் தேடி, அதன் நடுவில் போய் நிற்கும். ஒரே ஓர் இலக்கம் மாறினால் ‘சொன்னதைச் செய்’ என்பது ‘எனக்கு வேண்டியதைக் கண்டுபிடி’ என்று ஆகிவிடுகிறது. மேசை முன்னால் உட்கார்ந்து நிரலைப் படிப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

கீழ்மட்டக் கட்டளைகளில் இருக்கும் மிகப் பெரிய குழி எது என்று என்னைக் கேட்டால் 2082-ஐக் காட்டுவேன். ‘இந்தப் புள்ளியின் ஆயங்களைக் கொடு’, அதாவது அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களைக் கொடு என்பது அதன் பொருள். கேட்டதும் அது அந்தக் கணத்தின் கோணத்தை அளக்கும். தூரத்தை அது புதிதாக அளப்பதில்லை, கடைசியாக அளந்த தூரத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து ஆயங்களைக் கணக்கிட்டுக் கொடுக்கும். இப்போது இப்படி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிரல் முதல் ப்ரிஸத்துக்குத் தூரம் அளக்கச் சொன்னது, 62 மீட்டர். பிறகு கருவியைப் பக்கத்துக் கட்டடத்தின் ப்ரிஸம் பக்கம் திருப்பியது; அது 85 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நடுவில் புதிய 2008-ஐ அனுப்ப நிரல் எழுதியவர் விட்டுவிட்டார். 2082 கேட்டதும் பதில் வருகிறது. இரண்டாவது ப்ரிஸத்தின் திசை, முதல் ப்ரிஸத்தின் தூரம். அந்த ஆயங்கள் குறிக்கும் இடத்தில் காற்றைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் எண்கள் பார்க்க மிக ஒழுங்காக, மில்லிமீட்டர் வரை துல்லியமாக, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும்.

இது கருவியின் கோளாறு என்று சொல்ல முடியாது; வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள். உயர்மின் கம்பியின் உயரத்தை அளக்க வேண்டுமென்றால் கம்பியில் ப்ரிஸத்தைக் கட்டிவிட முடியாது. கம்பிக்கு நேர் கீழே ப்ரிஸத்தை வைத்துத் தூரத்தை அளந்துவிட்டு, தொலைநோக்கியை மட்டும் நிமிர்த்திக் கம்பியைக் குறிபார்த்து, பழைய தூரத்தோடு புதிய கோணத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு இந்தப் பிரிப்பு கட்டாயம் வேண்டும். ஜியோகாமுக்கு முன்பு வில்ட் கருவிகளில் இருந்த பழைய மொழியிலும் ‘கையில் இருப்பதைக் கொடு’, ‘அளந்து கொடு’ என்று இரண்டு தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. கீழ்மட்டம் சுதந்திரம் தருகிறது. எந்த எண் எந்த நேரத்தைச் சேர்ந்தது என்று நினைவு வைத்துக்கொள்ளும் வேலையையும் அதோடு சேர்த்தே தருகிறது.

பதில்களில் வரும் குறியெண்களும் கொஞ்சம் பார்க்க வேண்டியவை. %ஆர்1பி,0,0:1285 என்று ஒரு பதில் வருகிறது என்று வையுங்கள். இதில் முதலில் வரும் 0, செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. தபால்காரர் கையெழுத்து வாங்கிவிட்டார், அவ்வளவுதான். செயல் என்ன ஆனது என்பது இரட்டைப்புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது. 1285 என்றால் ‘கோணம் மட்டும் சரி, தூரம் இல்லை’. 1283 என்றால் ‘முழுத் திருத்தம் செய்யாமல் அளந்தது’. 1284 என்றால் ‘துல்லியத்துக்கு உத்தரவாதம் தர முடியாது’. முதல் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய்விடும் நிரல்கள் உலகில் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது என் சந்தேகம். இதற்கு எதிர்க்கோடியில் இருப்பவரும் உண்டு. பூஜ்யம் இல்லாத எதுவும் பிழை என்று 1284 சொன்ன அளவீட்டையும் தூக்கி எறிந்துவிடுவார். அணையில் விரிசல் விடும் இரவில், உத்தரவாதம் இல்லாத ஓர் அளவும் கிடைக்காத அளவைவிட மேலானது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை மேல்மட்டக் கட்டளை ஒரே மாதிரி முடிவு செய்துவிடும். இடத்துக்குத் தக்கபடி முடிவு செய்ய ஆள் வேண்டும் என்றால் குறியெண் நம் கைக்கு வந்தாக வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாவற்றையும் கீழ்மட்டத்திலேயே எழுதிவிடலாமே, மோட்டாரைக்கூட நாமே ஓட்டலாமே என்று தோன்றலாம். அதற்கு நேரம் இடம் கொடுக்காது. பழைய கருவிகளின் தொடர்பு 9,600 பாட் வேகத்தில் ஓடியது. நொடிக்கு 960 எழுத்துகள். நாம் பார்த்த %ஆர்1க்யூ,2008:1,1 என்ற வரி, முடிவுக் குறிகளோடு 15 எழுத்துகள். போய்ச் சேர சுமார் 16 மில்லி விநாடி. பதிலுக்கு இன்னும் 12. கருவி யோசிக்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே 28 மில்லி விநாடி போய்விட்டது. 2009-இல் வந்த டிஎஸ்30 என்ற மாதிரி, பீசோ மோட்டார்களால் நொடிக்கு 180 டிகிரி வரை திரும்பும். அந்த வேகத்தில் 28 மில்லி விநாடிக்குள் அது 5 டிகிரி திரும்பிவிடும். 100 மீட்டர் தொலைவில் அது கிட்டத்தட்ட 9 மீட்டர். ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நில்’ என்று கணினியிலிருந்து சொல்லி அரை விகலைத் துல்லியத்தில் நிறுத்துவது நடக்காத காரியம். இன்றைய தொடர்புகள் பல மடங்கு வேகமானவை. ஆனாலும் ரேடியோ வழியாகப் போனால் தாமதம் ஒரு நேரம் இருப்பது போல் இன்னொரு நேரம் இருக்காது, மோட்டாருக்கு அதுதான் விஷம். ஆகவே மோட்டாரைச் சுழற்றி, நிலையைப் பார்த்து, திருத்தி, மறுபடி பார்க்கும் சுற்று கருவிக்குள்ளேயே நடக்கிறது. நாம் கீழ்மட்டம் என்று சொல்லும் கட்டளைக்குக் கீழே இன்னும் சில அடுக்குகள் இருக்கின்றன, அவற்றில் நமக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் பயனில்லை.

மேல்மட்டக் கட்டளை தோற்கும் இடம் வேறு மாதிரியானது. அது தோற்றதாகவே தெரியாது. கேமராவால் ப்ரிஸம் தேடும் வசதியை எடுத்துக்கொள்வோம். பார்வைக்குள் ப்ரிஸமே இல்லை என்றால் 8710 வரும். இரண்டு ப்ரிஸங்கள் தெரிந்தால் ‘பல இலக்குகள்’ என்று 8711 வரும். இவை நல்ல பிழைகள். சத்தம் போட்டுச் சொல்கின்றன. ஆபத்து மூன்றாவது நிலையில் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு ப்ரிஸங்கள் இருக்கும் சுவரில், நாம் கேட்ட ப்ரிஸத்தை ஒரு கிரேனின் கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கேமராவுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று, பக்கத்து ப்ரிஸம். கருவி அழகாக அதன் நடுவுக்குப் போய் நின்று, அளந்து, ‘சரி’ என்று 0 கொடுக்கும். நேற்று இரவோடு ஒப்பிட்டால் சுவர் அரை மீட்டர் நகர்ந்துவிட்டதாக அர்த்தம். எச்சரிக்கை மணி அடிக்கும், பொறியாளர் பாதித் தூக்கத்தில் எழுந்து வருவார். அரை மீட்டர் என்பதால் ஆள் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ப்ரிஸங்கள் நெருக்கமாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இருந்து, வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான் என்றால் சிரிக்க முடியாது. இதைத் தடுக்கும் வழி எளிமையானது. கருவி கடைசியாகக் குறிபார்த்து நின்ற கோணத்தைக் கேட்டு வாங்கி, எதிர்பார்த்த கோணத்தோடு ஒப்பிட வேண்டும். மேல்மட்டக் கட்டளை கொடுத்த பதிலைக் கீழ்மட்டக் கேள்வியால் சோதிப்பது என்று இதைச் சொல்லலாம்.

ப்ரிஸத்தின் வகை இன்னொரு மறைந்த முடிவு. ஒளி கண்ணாடிக்குள் நுழைந்ததும் மெதுவாகும். அதனால் அளந்த தூரத்தில் ஒரு நிலையான எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். லைக்கா தன் வட்டப் ப்ரிஸத்தை 0 என்று வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் ஒட்டிவைக்கும் பிரதிபலிப்பு டேப்புக்கு +34.4 மில்லிமீட்டர், எல்லாப் பக்கமும் பார்க்கும் 360 டிகிரி ப்ரிஸத்துக்கு +23.1. வேறு நிறுவனங்கள் வேறு தொடக்கப் புள்ளியை வைத்துக்கொள்கின்றன. ‘அள’ என்னும் மேல்மட்டக் கட்டளை, எந்த ப்ரிஸம் என்று நம்மைக் கேட்பதில்லை. கடைசியாக யாரோ திரையில் தேர்ந்தெடுத்து வைத்ததை எடுத்துக்கொள்ளும். காலையில் ஒருவர் டேப்பை அளந்துவிட்டுப் போயிருந்தால், மாலையில் வட்டப் ப்ரிஸத்தின் ஒவ்வோர் அளவும் 34.4 மில்லிமீட்டர் நீளமாக வரும். எல்லாம் ஒரே அளவு பிசகுவதால் எண்களுக்குள் முரணும் தெரியாது.

வெப்பநிலையும் அப்படித்தான். கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது காற்றின் வெப்பம் 12 டிகிரி, அழுத்தம் 1013.25 மில்லிபார் என்று நினைத்துக்கொண்டு வருகிறது. ஹீர்ப்ருக்கில் அது இதமான நாள். அதே கருவி வேலூரில் மே மாத மதியம் 40 டிகிரியில் நின்றால் காற்று லேசாகி, ஒளி சற்று வேகமாகப் போய்வரும்; தூரம் குறைவாகக் காட்டும். பிசகு பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டும். 400 மீட்டருக்கு 1 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்த அணையும், வெப்பநிலையைச் சொல்ல மறந்த நிரலும் வரைபடத்தில் ஒரே கோட்டைத்தான் வரையும். பகலில் ஏறி இரவில் இறங்கும் கோடாக அது இருந்தால் அனுபவசாலி சந்தேகப்படுவார். ஆனாலும் வெயிலில் கான்கிரீட்டும் உண்மையிலேயே விரியும் என்பதால் அவராலும் உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்தப் பிரச்சினை லேசருக்கு மட்டும் உரியதல்ல. ஆய்வகங்களில் வோல்ட் மீட்டர், அலைக்காட்டி போன்றவற்றுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்று 1990-இல் எஸ்சிபிஐ என்ற தரம் வந்தது. அதை வகுத்தவர்கள் இதைத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். ‘மெஷர்’ என்று ஒரே சொல்லில் கேட்கலாம். கருவியே தன்னை அமைத்துக்கொண்டு அளந்து தரும். இல்லையென்றால் ‘கான்ஃபிகர்’ என்று அமைக்கச் சொல்லி, வேண்டியதை நாம் மாற்றிக்கொண்டு, ‘ரீட்’ என்று படிக்கலாம். அதுவும் போதாது என்றால் ‘ரீட்’டையும் உடைத்து, ‘இனிஷியேட்’ என்று தொடங்கவைத்து, நம் வேலையைப் பார்த்துவிட்டு, பிறகு ‘ஃபெட்ச்’ என்று வாங்கிக்கொள்ளலாம். ஒரே வேலைக்கு மூன்று படிகள். எந்தப் படியில் நிற்பது என்பது பயன்படுத்துபவர் விருப்பம். மேல்படியில் நிற்பவர் கீழே இறங்க வழி இருக்கிறது என்பது இந்த அமைப்பின் அழகு. பல நிறுவனங்கள் மேல்படியை மட்டும் கொடுத்துவிட்டு ஏணியை எடுத்துவிடுகின்றன. அப்போதுதான் கோபம் வருகிறது.

ஏணி இருந்ததால் பிழைத்த கதை ஒன்று செவ்வாய் கிரகத்தில் நடந்தது. 2012 ஆகஸ்டில் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் தலையில் கெம்கேம் என்ற கருவி இருக்கிறது. சுமார் 7 மீட்டர் வரை தள்ளியிருக்கும் பாறையை லேசரால் சுட்டு, எழும் பிழம்பின் ஒளியைப் பிரித்து, பாறையில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அளப்பது அதன் வேலை. லேசர் பாறையில் ஊசிமுனைபோல் குவிய வேண்டும். குவிப்பதற்குத் தூரம் தெரிய வேண்டும். அதற்கென்றே ஒரு சின்ன லேசர் தனியாக இருந்தது. 2014 இறுதியில் அந்தச் சின்ன லேசர் செத்துவிட்டது. பெரிய லேசருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தூரம் தெரியாத பெரிய லேசரால் என்ன பயன்? மாற்று உதிரிபாகம் கொண்டுபோய்ப் பொருத்தவும் வழியில்லை.

குழுவினர் முதலில் கீழ்மட்டத்துக்கு இறங்கினார்கள். ‘தானாகக் குவித்துக்கொள்’ என்னும் கட்டளையை விட்டுவிட்டு, குவிப்பு நிலையை ஒன்பது வெவ்வேறு இடங்களில் வைத்து ஒன்பது முறை அளந்தார்கள். அவற்றில் எது நன்றாகக் குவிந்ததோ அதைப் பூமியில் பொறுக்கிக்கொண்டார்கள். வேலை நடந்தது, நேரமும் மின்சாரமும் வீணாயின. 2015-இல் புதிய மென்பொருளை எழுதி அனுப்பினார்கள். இப்போது கெம்கேம் தன் கேமராவால் ஒன்பது குவிப்பு நிலைகளில் படம் எடுத்து, எந்தப் படம் மிகத் தெளிவாக இருக்கிறது என்று தானே பார்த்து, அந்த நிலையில் லேசரைச் சுடுகிறது. ‘தானாகக் குவித்துக்கொள்’ திரும்பி வந்துவிட்டது. அதைச் செய்யும் உறுப்பும் வழியும்தான் உள்ளே முழுக்க மாறிவிட்டன.

மறுவருடம் இன்னொரு படி மேலே போனார்கள். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போக தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். ஊர்தி ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, படம் அனுப்பி, விஞ்ஞானிகள் பாறையைத் தேர்ந்தெடுத்து, மறுநாள் கட்டளை அனுப்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். 2016 முதல் ஏஜிஸ் என்ற மென்பொருள், ‘இந்த மாதிரிப் பாறை வேண்டும், நீயே தேடிச் சுடு’ என்ற மட்டத்தில் கெம்கேமை இயக்குகிறது. அதில் இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, இலக்கையே ஊர்தி தேர்ந்தெடுப்பது. மற்றொன்று, இலக்கை மனிதர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபின் குறி பிசகினால் ஊர்தி திருத்திக்கொள்வது. பாறையில் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும் ஒரு கனிமக் கோட்டைச் சுட வேண்டுமென்றால் இரண்டாவதுதான் கைகொடுக்கும். எந்தக் கோடு முக்கியம் என்பது விஞ்ஞானிக்குத் தெரியும். அந்தக் கோடு இந்த நிமிடம் கேமராவில் எங்கே விழுகிறது என்பது ஊர்திக்குத்தான் தெரியும். யாருக்கு எது தெரியுமோ அந்த முடிவு அவரிடம்.

பூமியில் கண்காணிப்பு நிரல் எழுதுபவர்களும் கிட்டத்தட்ட இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். கருவி தரும் மேல்மட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கீழ்மட்டத்திலும் தொங்கிக்கொண்டிருக்காமல், தங்களுக்கென்று ஒரு நடுமட்டத்தை எழுதிக்கொள்கிறார்கள். ‘ஏழாம் எண் ப்ரிஸத்தை அள’ என்பது அவர்களின் கட்டளை. அதற்குள் ப்ரிஸத்தின் வகையை அமைப்பது, அப்போதைய வெப்பநிலையைக் கொடுப்பது, திருப்புவது, தேடுவது, கோணத்தைச் சரிபார்ப்பது, அளப்பது, தொலைநோக்கியைக் கவிழ்த்து மறுமுகத்திலும் அளப்பது, இரண்டு முகங்களின் வித்தியாசம் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது என எல்லாம் இருக்கும். மறுமுகத்தில் அளந்தால் தொலைநோக்கியின் அச்சில் இருக்கும் சின்னக் கோணல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து, சராசரியில் அடிபட்டுப் போகும்; நேரம் இரட்டிப்பாகும். சரிந்துகொண்டிருக்கும் மண்மேட்டை அளக்கும்போது அந்த நேரம் கிடையாது, ஒரு முகத்தோடு விட்டுவிட வேண்டியதுதான். இதையெல்லாம் ஹீர்ப்ருக்கில் உட்கார்ந்து யாரும் நமக்காக முடிவு செய்துவிட முடியாது.

நடுமட்டம் எழுதுபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்கள் எதைச் சேமிக்கிறார்கள் என்பதைத்தான். ஆயங்கள் மூன்றை மட்டும் சேமித்தால் கோப்பு சின்னதாக, பார்க்க அழகாக இருக்கும். சாய்தூரம், இரண்டு கோணங்கள், சாய்வு, வெப்பநிலை, அழுத்தம், எந்த ப்ரிஸம், என்ன குறியெண் வந்தது என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியிலும் எழுதி வைத்தால் கோப்பு பெரிதாகிக் கண்ணை உறுத்தும். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து, அந்தச் சுவரில் இருப்பது வட்டப் ப்ரிஸம் இல்லை, 360 டிகிரி ப்ரிஸம் என்று சொல்கிறார். இரண்டாவது கோப்பை வைத்திருப்பவர் ஒவ்வொரு தூரத்தோடும் 23.1 மில்லிமீட்டரைக் கூட்டி, ஆறு மாத ஆயங்களையும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் புதிதாகக் கணக்கிட்டுவிடலாம். முதல் கோப்பை வைத்திருப்பவர், கருவி எங்கே நின்றது, அன்றைய அமைப்புகள் என்ன என்று கேட்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருப்பார்.